ஆறு உறையாவிட்டால் பணம் யாருக்கு?

லடாக்கில் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை ஸன்ஸ்கார் ஆறு உறைந்து கிடக்கும். லே நகரிலிருந்து வண்டியில் சில்லிங் தாண்டிப் போய் ஆற்றில் இறங்கி, இருபுறமும் செங்குத்தாக எழும் பாறைச் சுவர்களுக்கு நடுவே பனிக்கட்டியின் மீதே சில நாள் நடந்தால் நேரக் வரும். மலையிலிருந்து விழுந்த நீர் விழுந்த கோலத்திலேயே வெண்ணீலமாக உறைந்து நிற்பதை அங்கே காணலாம். 'சாதர்' நடை என்று மலையேறிகள் சொல்வது இதைத்தான். ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கு மக்களுக்கு ஒரு காலத்தில் குளிர்காலத்துக்கு இருந்த ஒரே வழி இது. வெண்ணெய் விற்கப் போனதும், பிள்ளைகளை லேயில் உள்ள பள்ளிக்குக் கூட்டிப் போனதும் இந்தப் பனியின் மேல்தான். 2024 மார்ச்சில் எல்லைச் சாலைகள் அமைப்பு ஸன்ஸ்கார் வழியாகச் செல்லும் நிம்மு–பதும்–தார்ச்சா சாலையை இணைத்துவிட்டது. அவசியத்துக்காக நடந்தவர்களின் பாதையில் இப்போது ஆசைக்காக, பணம் கட்டி நடப்பவர்கள் போகிறார்கள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போகிறவர்கள் உண்டு.

இந்த நடையின் ஆபத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் குளிரையும் பனியையும்தான் எல்லோரும் சொல்வார்கள். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ரத்து விதியை யாரும் சொல்வதில்லை. அதுவும் ஒரு பாதுகாப்புக் கருவிதான் என்பது என் உறுதியான எண்ணம். பாதி வழியில் திரும்பினால் ஒரு பைசாவும் கிடைக்காது என்று எழுதியிருந்தால், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்ப மனம் வராது. பயணிக்கும் வராது, அவரைக் கூட்டிப்போகும் நிறுவனத்துக்கும் வராது.

முதலில் பனியைப் பார்ப்போம். ஏரி ஒரே அளவில் உறையும். ஆறு அப்படி உறையாது. மேலே கட்டி, கீழே ஓட்டம். நீரோட்டம் வேகமாக உள்ள வளைவுகளிலும் குறுகலான இடங்களிலும் கட்டி மெலிந்தே இருக்கும். வானம் தெளிந்த கடுங்குளிர் இரவு கட்டியைத் தடிக்க வைக்கும். மேகம் மூடினால் நிலத்தின் வெப்பம் வெளியேறாமல் தங்கிவிடுவதால் கட்டி தளரும். அதன்மேல் விழும் வெண்பனி போர்வையாகக் கிடந்து, குளிர் உள்ளே இறங்காமல் தடுப்பதோடு விரிசலையும் கண்ணிலிருந்து மறைத்துவிடும். உள்ளூர் வழிகாட்டிகள் கழியால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு அடி வைப்பதற்குக் காரணம் இதுதான். நேற்று நடந்த இடம் இன்று இருக்காது. கட்டி உடைந்த இடத்தில் பாறையில் தொற்றி ஏற வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் அளவு நீரில் இறங்கிக் கடக்க வேண்டும். இரவில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும் இடத்தில் காலுறை நனைவதே பெரிய ஆபத்து.

ஆறு தானாகவும் மாறும். 2014 டிசம்பர் 31 அன்று புக்தல் பக்கத்தில் மலை சரிந்து ஸன்ஸ்காரின் துணையாறு அடைபட்டது. மேலே ஏரிபோல நீர் தேங்க, எப்போது உடையும் என்று தெரியாத நிலையில் 2015 பருவத்தில் நடை நிறுத்தப்பட்டது. அந்த அடைப்பு 2015 மே 7 அன்று உடைந்து பாலங்களை அடித்துப்போனது. 2020 ஜனவரியில் பனி உடைந்து வழி அறுந்ததால் நேரக் பக்கம் சிக்கிக்கொண்ட மலையேறிகளை விமானப்படை ஹெலிகாப்டர்கள் வெளியே கொண்டுவந்தன.

நேரக் அருவியின் அடிவாரத்துக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். உறைந்த அருவி அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். உள்ளே நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். வெயில் பட்டதும் பாறைக்கும் கட்டிக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. ஆள் உயரக் கட்டிகள் முன்னறிவிப்பில்லாமல் பிரிந்து விழும். ஆகவே படம் எடுக்க நேர் கீழே போய் நிற்காதீர்கள். பக்கவாட்டில், விலகி நில்லுங்கள். 'இங்கேயே நில்லுங்கள்' என்று வழிகாட்டி கோடு போட்டால் அந்தக் கோட்டை மதியுங்கள். அப்படிக் கோடு போடத் தெரியாதவர் அந்த வேலைக்குத் தகுதியில்லாதவர்.

பனியைவிட அமைதியாக வரும் எதிரி உயரம். தில்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேயில் இறங்கிவிடலாம். உடலுக்கு அந்த வேகம் தெரியாது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், இருமலில் நுரை, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுதல், பேச்சில் குழப்பம் என்று வந்தால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம், உயிருக்கே ஆபத்து. மற்ற மலைகளில் இதற்கு உடனடி மருந்து கீழே இறங்குவது. சாதரில் இறங்க இடமில்லை. ஆற்றுப்படுகை லேயைவிடச் சற்றே தாழ்வு, அவ்வளவுதான். ஆக்சிஜனும் விரைந்து வெளியேறும் ஏற்பாடும்தான் அங்கே காப்பு. உங்கள் குழுவோடு ஆக்சிஜன் உருளை வருகிறதா, எத்தனை, அதை இயக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்பது உங்கள் உரிமை.

சாதர் செல்பவர்கள் லேயில் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு, மருத்துவப் பரிசோதனையில் தேறிய பிறகே அனுமதி பெற முடியும். அகில லடாக் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் சங்கமும் உள்ளூர் நிர்வாகமும் சேர்ந்து செய்திருக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் பல நிறுவனங்களின் விதியில், பரிசோதனையில் தேறாதவருக்குப் பணம் திரும்பாது என்று இருக்கும். விளைவு என்ன? ரத்த அழுத்தம் இருப்பதை மறைக்கிறார்கள், தலைவலியைச் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு மருத்துவர் முன் உட்காருகிறார்கள். உயிரைக் காக்க வைத்த தடுப்பை ஒரு வரி விதி ஓட்டையாக்கிவிடுகிறது. அசெட்டசோலமைட் போன்ற தடுப்பு மாத்திரையை ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் அவரிடம் சொல்ல வேண்டும்.

பனிக்கடி வந்த விரலைத் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. மறுபடி உறைய வாய்ப்பில்லாத இடத்துக்கு வந்த பிறகே 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்த வேண்டும். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் நின்றால் அது தேறுதல் அல்ல, ஆபத்து முற்றிய அடையாளம். ஈர உடையை மாற்றி, தரைக் குளிர் ஏறாமல் படுக்க வைத்து, மெதுவாகச் சூடேற்றுங்கள். 'ஒரு மடக்கு' மது கொடுக்கும் வழக்கம் கொடியது. அது உடல் வெப்பத்தை வெளியே விரட்டும்.

இனி பணத்துக்கு வருவோம். முன்பணம் அனுப்புமுன் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் கேட்டு வாங்குங்கள். ஆறு உறையாவிட்டால், நிர்வாகம் நடையை நிறுத்தினால், மருத்துவர் தடுத்தால், வழிகாட்டி பாதி வழியில் திருப்பினால், இந்த நான்கு நிலையிலும் எவ்வளவு பணம் திரும்பும், எத்தனை நாளில்? நடை நின்றால் மாற்றுத் திட்டம் என்ன? நேரில் கூட்டிப்போகப்போவது இவர்களா, லேயில் உள்ள வேறொரு ஏற்பாட்டாளரா? பல நேரம் விளம்பரம் செய்பவர் ஒருவர், பனியில் நடத்துபவர் இன்னொருவர். அந்த இன்னொருவரின் பெயரும் பதிவும் உங்கள் ரசீதில் இருக்க வேண்டும். திட்ட அட்டவணையில் லேயில் இறங்கும் நாளையே ஓய்வு நாளாகக் கணக்கு வைத்து, பழகும் நாட்களைச் சுருக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். தனிநபர் எண்ணுக்கு யூபிஐ அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறும்.

'எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல' என்ற உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்பார்கள். மலையின் இயல்பான ஆபத்தை நீங்கள் அறிந்து ஏற்றீர்கள் என்பதற்கு அது சான்றாகும். நிறுவனத்தின் அலட்சியத்துக்கு அது கேடயமாகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அலட்சியத்தால் இழப்பு உண்டாக்குவதையும் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்று வரையறுக்கிறது. பனி உடைந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி தெரிந்தும் சொல்லாமல் குழுவை இறக்கினால், அது இந்த வரையறைக்குள் வரும். நியாயமான காரணமின்றி ஒருதலையாக ரத்து செய்யும் உரிமையை நிறுவனத்துக்கு மட்டும் தரும் விதியை அதே சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. அந்த அடிப்படையில் மட்டும் வழக்கென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அல்ல, மாநில ஆணையத்தில் போட வேண்டும்.

நிர்வாக உத்தரவால் நடையே நடக்காமல் போனால்? நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தத்தில் ஒருவர் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. ஏற்கெனவே செய்த உண்மையான செலவை நிறுவனம் கணக்குக் காட்டிக் கழிப்பது நியாயம். கணக்கே காட்டாமல் முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வது நியாயமில்லை.

காப்பீட்டில் ஒரே ஒரு கேள்வி: சாகச விளையாட்டுக்கும் 3,500 மீட்டர் உயரத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் இது பொருந்துமா? சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகசம் விலக்கப்பட்டிருக்கும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் தரலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் உண்டு. இன்னொரு சிறு விஷயம், வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எடுத்துப் போங்கள், ஆற்றுக்குள் அதுவும் எடுக்காது என்ற நினைப்போடு.

உங்களுக்கு முன்னால் பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போகும் சுமைக்காரரைப் பற்றியும் கேட்க வேண்டும். அவருக்குக் காப்பீடு உண்டா, கம்பூட்ஸும் கம்பளியும் நிறுவனம் தருகிறதா, நடை ரத்தானால் அவர் கூலி என்னாகும்? இதைக் கேட்பது தர்மம் மட்டும் இல்லை. திரும்பினால் கூலி போய்விடும் என்ற பயத்தில் இருப்பவரிடம், திரும்பலாமா என்று கேட்டு நேர்மையான பதிலை எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தபோது, யார் அனுமதி பெற்றார்கள், யார் வழிநடத்தினார்கள் என்ற கேள்விகள் பிணங்களுக்குப் பிறகுதான் எழுந்தன. அதன்பின் அதே ஆண்டு மலையேற்ற விதிகள் வந்தன. அந்தக் கேள்விகளை உயிரோடு இருக்கும்போதே, பணம் கட்டுமுன்பே கேட்கலாமே.

குறை நேர்ந்தால் சான்றுகளைத் திரட்டுங்கள்: விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, மருத்துவச் சீட்டு, தேதியோடு எடுத்த படங்கள், உடன் வந்தவர்களின் தொடர்பு. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் செய்து பதிலுக்குக் காலக்கெடு கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் பல பிரச்சினைகள் வழக்கில்லாமலே தீரும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் டேராடூனிலோ தில்லியிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சட்டத்தின் 34ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல, கட்டிய பணத்தைப் பொறுத்தது. ஐம்பது லட்சம் வரை மாவட்டமே விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். 'தகராறு என்றால் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் ஆணையத்துக்குப் போவதை அது தடுக்காது என்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

அலட்சியத்தால் உயிரே போனால் அது நுகர்வோர் வழக்கோடு நிற்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின் கீழ் குற்றமாகும். சம்பவம் லடாக்கில் நடந்திருந்தாலும் முதல் தகவல் அறிக்கையை உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே பதிவு செய்யக் கேட்கலாம், அவர்கள் அதை உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நுகர்வோர் புகாருக்கான கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். ஆனால் சாட்சி சொல்லக்கூடிய குழுவினர் ஊர் ஊராகப் பிரிந்துபோகுமுன் எழுதிக் கொடுப்பதே நல்லது.