பிரசவ வார்டில் உருவாகும் மருத்துவர்

மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவம் ஒரே பட்டத்தில் இரண்டு துறைகளைச் சுமக்கிறது. கர்ப்பம், பிரசவம், அதைத் தொடரும் ஆறு வாரங்கள் ஒரு பக்கம். மாதவிடாய்க் கோளாறு, கருப்பைக் கட்டி, கர்ப்பப்பை இறக்கம், குழந்தையின்மை, புற்றுநோய் மறுபக்கம். மருத்துவமனைப் பேச்சில் 'ஓ.ஜி.' என்று சுருங்கும் இத்துறைக்கு வருபவர் கத்தி பிடிக்கக் கற்க வேண்டும். கத்தியைத் தொடாமல் பல மணி நேரம் பொறுத்திருக்கவும் கற்க வேண்டும். பின்னதுதான் கடினம். பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி அதற்கே செலவாகிறது.

படிப்பின் பாதை தெரிந்ததுதான். நீட் தேர்வு எழுதி எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு, பிறகு முதுநிலை நீட், அதன்பின் எம்.எஸ். அல்லது டி.என்.பி. மூன்றாண்டு. இடையில் ஓர் ஆண்டும் வீணாகாவிட்டால் மொத்தம் எட்டரை ஆண்டு. முன்பு இரண்டாண்டு டி.ஜி.ஓ. பட்டயப் படிப்பு பரவலாக இருந்தது. சிற்றூர்களின் மருத்துவமனைப் பலகைகளில் இன்றும் அந்த மூன்றெழுத்தைக் காணலாம். மருத்துவக் கல்லூரிகளில் அந்த இடங்கள் பெரும்பாலும் எம்.எஸ். இடங்களாக மாற்றப்பட்டுவிட்டன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றிவிட்டு, அரசு மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டில் முதுநிலைக்கு வருபவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. கிராமத்துக் கர்ப்பிணியின் வீட்டு நிலைமை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வகுப்பறையால் தர முடியாத தகுதி அது.

முதலாண்டு லேபர் வார்டில் கழிகிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று சொல்வது முதல் பாடம். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை இரண்டு விரல்களால் மட்டுமே அளந்து, கண்ணால் பாராமல், சென்டிமீட்டரில் சொல்வது அடுத்தது. முழுத் திறப்பு பத்து சென்டிமீட்டர். புதிதாக வந்தவர் ஆறு என்பார்; சீனியர் பார்த்து நாலு என்பார். அந்த இரண்டு சென்டிமீட்டரில் பிரசவம் முன்னேறுகிறதா, தேங்கி நிற்கிறதா என்ற முடிவே மாறிவிடும். வலியின் இடைவெளி, குழந்தையின் இதயத்துடிப்பு, வாய் திறக்கும் வேகம் மூன்றையும் பார்ட்டோகிராஃப் தாளில் குறித்துவரும் பழக்கம் இங்கேதான் படிகிறது. கோடு இயல்பாக ஏறும்வரை கை கட்டி நிற்கலாம். அது விலகும்போது காரணம் தேட வேண்டும்: வலி போதவில்லையா, தலை திரும்பியிருக்கிறதா, இடுப்பெலும்பு போதாதா?

இந்தக் கைப்பழக்கம் எண்ணிக்கையால் வருவது. 1844-ல் தொடங்கிய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை போன்ற இடங்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிற்சிக் களமாக இருப்பது அதனால்தான். அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஆ. லட்சுமணசுவாமி முதலியார் எழுதிய மகப்பேறு மருத்துவப் பாடநூல் பிற்காலத்தில் இணையாசிரியர் மேனனின் பெயரும் சேர்ந்து, புதுப் பதிப்புகளாக வந்துகொண்டே இருக்கிறது.

பொறுமைக்கு நேர் எதிரான பயிற்சியும் உடன் நடக்கிறது. பிரசவம் முடிந்தபின் கருப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டத் தொடங்கினால் யோசிக்க நேரமில்லை. ஆக்ஸிடோசின், கருப்பையை அழுத்திப் பிசைதல், ரத்தத்துக்குச் சொல்லி அனுப்புதல், பலூன் வைத்து அடைத்தல், அதுவும் பலிக்காவிட்டால் தியேட்டர் என்ற வரிசை மனத்தில் ஊறியிருக்க வேண்டும். கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வலிப்பு கண்டவருக்கு மெக்னீசியம் சல்பேட் தருவதும் இப்படித்தான். பரவலாகப் பின்பற்றும் முறையில் முதலில் நாலு கிராம் நரம்பிலும் பத்து கிராம் தசையிலும் போடுவார்கள். பிறகு நாலு மணிக்கொரு முறை ஐந்து கிராம். ஒவ்வொரு முறைக்கும் முன்பு முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு மூன்றையும் பார்த்தாக வேண்டும். மிகுந்துவிட்டால் அந்த மருந்தே மூச்சை நிறுத்திவிடும். நல்ல துறைகளில் இவற்றைப் பொம்மைகளை வைத்து, செவிலியரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து ஒத்திகை பார்க்கிறார்கள்.

அறுவை சிகிச்சை படிப்படியாகக் கைமாறுகிறது. சிசேரியனில் முதலில் உதவிக்கு நிற்பது, அடுத்து சீனியர் எதிரே நிற்க தானே செய்வது, கடைசியில் சீனியர் கூப்பிடு தூரத்தில் இருக்கத் தனியாகச் செய்வது. முன்பே சிசேரியன் ஆன வயிற்றில் ஒட்டல்களுக்கிடையே சிறுநீர்ப்பையைக் காப்பாற்றி உள்ளே போவது இறுதியாண்டுக்குரிய வேலை. ஃபோர்செப்ஸ், வேக்குவம் வைத்துப் பிரசவம் பார்க்கும் திறமை சிசேரியன் பெருகப் பெருக மெலிந்துவருகிறது. இது உண்மையான இழப்பு. குழந்தையின் தலை இறங்கி வந்துவிட்ட நிலையில் அந்தத் திறமை இல்லாத மருத்துவருக்கு வயிற்றைத் திறப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. அடுத்தடுத்த கர்ப்பங்களில் அதன் விலையைத் தருபவள் அந்தப் பெண்.

மகளிர் நோய்ப் பிரிவில் கர்ப்பப்பை அகற்றும் அறுவை, லேப்ராஸ்கோப்பி, குடும்பநலச் சிகிச்சைகள், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆகியவை கற்பிக்கப்படுகின்றன.

சட்டமும் பாடத்தில் சேரும். 1971-ம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும், பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டமும் தெரியாமல் இந்தத் தொழிலில் ஒரு நாளும் நிற்க முடியாது. கருக்கலைப்புக்கு 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். சட்டம் குறிப்பிடும் சில பிரிவினருக்கு 24 வாரம்வரை இருவர் கருத்து வேண்டும். கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உரிய படிவம் நிரப்பப்பட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத சிறுமி கர்ப்பமாக வந்தால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தாக வேண்டும். அந்தச் சிறுமியிடமும் அவள் தாயிடமும் அதை எப்படிச் சொல்வது என்பதைப் பெரும்பாலான மாணவர்கள் சீனியர்களைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். இதற்கும் முறையான வகுப்பு வேண்டும்.

மூன்றாண்டுக்குள் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும். பெரிய கல்லூரியின் வசதிகள் இல்லாத இடத்தில், யாரை அங்கேயே வைத்துப் பார்ப்பது, யாரை 108-ல் ஏற்றி அனுப்புவது என்ற தீர்ப்பு அங்கே பழகுகிறது. இறுதியில் எழுத்துத் தேர்வும், நோயாளியை வைத்து நடக்கும் தேர்வும் உண்டு.

பட்டம் பெற்றவருக்கு வழிகள் பல. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசுப் பணியில் சேர்ந்து, அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக்காக இருபத்து நாலு மணி நேரமும் இயங்கும் சீமாங் மையங்களில் வேலை பார்க்கலாம். 2018–20 காலகட்டத்தில் உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்ததில் இந்த மையங்களுக்கும், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரித்துப் பார்க்கும் வழக்கத்துக்கும் பங்குண்டு. மேலும் படிக்க விரும்பினால் மகளிர் புற்றுநோய் அறுவையிலும் குழந்தையின்மைச் சிகிச்சையிலும் உயர்சிறப்புப் படிப்புகள் இருக்கின்றன. பிரிட்டன் செல்ல நினைப்பவர்கள் எம்.ஆர்.சி.ஓ.ஜி.யின் மூன்று கட்டத் தேர்வுகளை எழுதுகிறார்கள்.

முதுநிலைக் கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிட வேறு சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. மாதம் எத்தனை பிரசவம், ரத்த வங்கி வளாகத்திலேயே இருக்கிறதா, இரவு டியூட்டியில் உதவிப் பேராசிரியர் வார்டில் இருக்கிறாரா, இறுதியாண்டு மாணவர் தன் கையால் எத்தனை சிசேரியன் செய்திருக்கிறார், முப்பத்தாறு மணி நேரம் தூங்காமல் வேலை வாங்கும் வழக்கம் உண்டா? இவற்றுக்கான பதில் எந்தக் கையேட்டிலும் இராது. அங்கே படித்துக்கொண்டிருக்கும் பி.ஜி.க்களிடம் நேரில்தான் கேட்க வேண்டும்.