பிறபொருளெதிரியும் கள்விகுதியும்

மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையில் ‘பிறபொருளெதிரிகள்’ என்றிருந்தது. பால்பகா அஃறிணைப் பெயர்க்குக் கள்விகுதி மிகையெனக் கருதி அடித்துவிட்டேன். மறுநாள் அவள் இணுவிலில் உள்ள எம் இல்லத்துக்கு உயிரியல் நூலொன்றைக் கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினாள்.

கடற்பாசியிலிருந்து பெறும் ஏகாரைக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டில் வார்த்தால், நம் உழுத்தங்களி போலன்றித் தெளிந்த களியாய் உறையும். அதிற் குடைந்த குழியிலே குருதி நீர்ப்பாயத்தை இட்டு மின்னைச் செலுத்துவர். புரதங்கள் தத்தம் மின்னேற்றத்துக்கேற்ப விலகிச் செல்லும். பின்னர் அருகே வெட்டிய நீண்ட சாலில், அப்புரதங்களைப் பற்றுமாறு விலங்கொன்றில் உண்டாக்கிய நீர்ப்பாயத்தை விடுவர். இரண்டும் பரவிக் கலக்குமிடத்தில் வெண்ணிற விற்கள் தோன்றும். 1953இல் பாரிசிலே கிராபாரும் வில்லியம்சும் வெளியிட்ட முறை இது.

பிறபொருளெதிரிக்கு ஒரு வில் போதவில்லை. ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என அவை தனித்தனியே வளைந்து நின்றன. அவற்றுள் ஐஜிஜியின் வில் தட்டின் பெரும்பகுதிக்கு நீண்டு கிடந்தது. மின்னேற்றத்தாற் சிறிது சிறிது வேறுபட்ட எண்ணற்றவை அதனுள் அடங்கியிருப்பதே காரணமாம். என்புமச்சையில் தோன்றும் மயலோமாப் புற்றிலோ ஒரே கலவழி பெருகி, பெரும்பாலும் ஒரே வகையையே சுரக்கும். அப்போது வில் ஓரிடத்தில் தடித்துப் புடைக்கும். மருத்துவர் அஞ்சுவது அவ்வொருமையையே.

நான் அடித்த விகுதியை மீண்டும் எழுதிக் கொடுத்தேன்.