அருவியைக் கண்டு அழும் பிள்ளை

"வேண்டாம்ப்பா! வேண்டாம்ப்பா!"

குற்றாலம் மெயினருவிக்குப் பக்கத்தில் ஒரு மூன்று வயதுப் பையன் அலறுகிறான். அப்பாவின் கழுத்தை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறான். அப்பா விடுவதாக இல்லை.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் குளிக்காமல் போவதா?" என்கிறார்.

சுற்றி நிற்பவர்களும் சும்மா இருப்பதில்லை. "ஒரு தடவை உள்ளே கொண்டு போங்கள். பயம் தெளிந்துவிடும்" என்று யோசனை சொல்கிறார்கள்.

அப்பா அருவிக்குள் போகிறார். பையனுக்கு மூச்சு முட்டுகிறது. வெளியே வரும்போது உதடு துடிக்கிறது, பல் கிட்டுகிறது. அப்பாவின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் தாவுகிறான்.

சாரல் காலத்தில் இந்தக் காட்சியை எந்த நாளும் பார்க்கலாம்.

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமையின் முகமே மாறிவிடும். மலையிலே மழை. கீழே பன்னீர் தெளித்தாற்போலச் சாரல். தென்காசி காசி விசுவநாதர் கோவிலின் கோபுர வாசலில் நுழைந்தால் காற்று ஆளைத் தள்ளும். அங்கிருந்து குற்றாலத்துக்கு 5 கிலோ மீட்டர் தூரம்தான்.

பெரியவர்களுக்கு இது சொர்க்கம். சின்னப் பிள்ளைகளோடு வருகிற தாய்க்கோ பாதி சொர்க்கம், பாதி பரீட்சை!

ஏன் அழுகிறான்?

அருவியை உங்கள் கண்ணால் பார்க்காதீர்கள். மூன்றடி உயரம் உள்ள பிள்ளையின் கண்ணால் பாருங்கள்.

அவனுக்கு அது தண்ணீரே அல்ல. வானத்திலிருந்து விழுகிற பெரிய சத்தம்! மெயினருவித் தண்ணீர் மேலே "பொங்குமாகடல்" என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் குறைந்துதான் கீழே வருகிறது. அப்படி வந்தும் பெரியவர்களின் முதுகிலேயே அடி விழுவது போல இருக்கிறது. பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

இரண்டு, மூன்று வயதில் பெரிய சத்தத்துக்குப் பயப்படுவது இயற்கை. அது கோழைத்தனம் அல்ல. "இதோ பார், அந்தப் பாப்பா அழாமல் குளிக்கிறது" என்று ஒப்பிட்டுப் பேசினால் பயம் போகாது. பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும்.

குளிரும் ஒரு காரணம். சிறு உடம்பின் சூடு நம் உடம்பைவிட வேகமாக வெளியே போய்விடும். உதடு நீலம் பாரித்தாலோ, உடம்பு நடுங்கினாலோ அந்த நிமிஷமே வெளியே கொண்டுவந்து, துவட்டி, உலர்ந்த துணியால் சுற்ற வேண்டும். கைக்குழந்தையை அருவிப் பக்கமே கொண்டு போக வேண்டாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தப் பையன் யாருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்? அவனை உள்ளே கொண்டு போகிற அப்பாவின் கழுத்தைத்தான்! பயம் வந்தால் ஒளிந்துகொள்ள அவனுக்கு வேறு இடம் இல்லை. அந்த இடமே பயத்தைக் கொடுத்தால் பிள்ளை எங்கே போகும்?

ஆச்சியின் வழி

அதே இடத்தில் ஓர் ஆச்சி. கூடவே நான்கு வயதுப் பேத்தி. அவளும் அழுகிறாள்.

"குளிக்க வேண்டாம் தாயி. சும்மா வேடிக்கை பார்ப்போம்" என்றார் ஆச்சி.

கூட்டத்தைவிட்டுத் தள்ளி, கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லாத ஓரத்தில் உட்கார்ந்தார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். கை மட்டும் அவளைவிட்டு நகரவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு சின்னக் கால் மெதுவாகத் தண்ணீரைத் தொட்டது. சட்டென்று மேலே போயிற்று. மறுபடியும் தொட்டது. பிறகு "தப் தப்" என்று மிதித்தது. ஆச்சியின் சேலை முழுவதும் நனைந்தது.

கால் மணி நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வேறு தொல்லை: "போதும், வா" என்றால் வர மறுக்கிறாள்!

ஆச்சி எந்த வித்தையும் செய்யவில்லை. பிள்ளையின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

தண்ணீர் அளவாக விழும் நாளில் சின்னவர்களுக்குப் புலியருவி ஏற்றது. அங்கே பழகிய பிள்ளை அடுத்த ஆண்டு தானே பெரிய அருவிக்கு இழுத்துக்கொண்டு போகும்.

சாப்பாட்டுச் சண்டை

வீட்டிலும் இதே கதைதான். சோற்றுக் கிண்ணத்தோடு அம்மா பின்னால் ஓடுகிறாள். பிள்ளை முன்னால் ஓடுகிறது. வாயில் போன சோறு பாதி. சட்டையில் போனது பாதி.

இது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல. பாண்டியன் அறிவுடைநம்பி ஓர் அரசன். அவன் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தத்தித் தத்தி நடந்து வந்து, நெய்ச்சோற்றில் கையைவிட்டுத் துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாவிட்டால், எத்தனை செல்வம் இருந்தும் வாழ்க்கைக்குப் பயன் இல்லை என்கிறான் அவன். அரண்மனையிலும் சோறு சிந்தத்தான் செய்திருக்கிறது!

நாம் எதைத் தொல்லை என்று நினைக்கிறோமோ, அதையே அந்த அரசன் பாக்கியம் என்று பாடினான். ஆகவே பிள்ளை தானே அள்ளிச் சாப்பிடட்டும். கீழே ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள். "போதும்" என்று முகத்தைத் திருப்பினால் திணிக்காதீர்கள்.

தென்காசியில் இருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியனையும் இங்கே நினைக்க வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவன். "நைடதம்" என்ற பெரிய காவியத்தைப் பாடிய புலவன். அவனே "வெற்றிவேற்கை" என்ற நீதி நூலையும் செய்தான். அதில் பிள்ளைகள் வாயில் நுழையும்படி சின்னச் சின்ன வரிகள். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். காவியம் பாடிய அரசனே பிள்ளைகளுக்காகக் குனிந்தான். நாம் குனியக் கூடாதா?

உங்கள் பயம் போகக் கூடாது!

பிள்ளையின் பயத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். ஆனால் பெற்றவர்களின் பயம் ஒரு நொடியும் போகக் கூடாது.

2024-ஆம் ஆண்டு மே 17-ந் தேதி நடந்ததை மறக்க முடியுமா? பழைய குற்றால அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலையில் பெய்த மழையால் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் ஓடினார்கள். 17 வயது மாணவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிர் இழந்தான்.

கீழே வெயில் அடிக்கலாம். மேலே மழை பெய்யலாம். தண்ணீர் கலங்கி வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியேறுங்கள். மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீசார் குளிக்கத் தடை போடுவார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள்.

கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். "நீ பார்ப்பாய் என்று நான் இருந்தேன், நான் பார்ப்பேன் என்று நீ இருந்தாய்" என்ற பேச்சுக்கு இடம் இருக்கக் கூடாது. படம் எடுக்கக் கைப்பேசியை எடுத்தால் பிள்ளையின் கை நழுவிவிடும். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். பிள்ளை காணாமல் போனால் போலீசாரிடம் உடனே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு இவற்றை அருவியில் பயன்படுத்த நீதிமன்றமே தடை விதித்திருக்கிறது. அது பிள்ளைக்கும் நல்லதுதான். எண்ணெய் பட்ட கல்லில் சின்னக் கால் வழுக்கும். தின்பண்டத்தைப் பிள்ளை கையில் கொடுத்து நடக்கவிடாதீர்கள். குரங்கு பறித்தால் பண்டமும் போகும். நகக் கீறலும் விழும்.

குடிக்கக் காய்ச்சி ஆற்றிய தண்ணீரைக் கொண்டு போங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் குறிப்பிட்டுள்ள அளவுத் தண்ணீரில் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தக் கூடாது.

மறுநாள் காலை

அந்த அப்பா மறுநாளும் வந்தார். பையன் தோளில் இருந்தான். அருவியைக் கண்டதும் கழுத்தை இறுக்கினான்.

அப்பா நின்றுவிட்டார். "இன்றைக்குக் குளிக்க வேண்டாம். இங்கேயே நிற்போம்" என்றார்.

நின்றார்கள். நீர்த்துளிகள் காற்றில் வந்து முகத்தில் பட்டன. பையன் கண்ணை மூடினான், திறந்தான். நாக்கை நீட்டி ஒரு துளியை நக்கினான்.

"அப்பா, தண்ணி!" என்றான்.

அன்று அவர்கள் குளிக்காமலே திரும்பினார்கள். அதனால் என்ன? அருவி அடுத்த ஆண்டும் விழும். பிள்ளைக்கு மூன்று வயது இந்த ஓர் ஆண்டுதான்.