கொட்டிவாக்கம் கடற்கரை: நீரின் தரமும் குளியல் பாதுகாப்பும்

கொட்டிவாக்கம் கடற்கரை சென்னையின் தென்பகுதியில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே, திருவான்மியூருக்கும் பாலவாக்கத்துக்கும் இடையே அமைந்துள்ளது. இப்பகுதி 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. மெரினாவில் காணும் நெரிசல் இங்கு இல்லை. அதனாலேயே நீர் தூய்மையானது, குளிக்க ஏற்றது என்று பலர் எண்ணிவிடுகின்றனர்.

குளிப்பதற்குரிய கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவுகோல் வகுத்துள்ளது. அதன்படி 100 மில்லிலிட்டர் நீரில் மலக்கழிவிலிருந்து வரும் கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் 100-க்கு மிகாமல் இருக்கவேண்டும். இதைக் கண்ணால் அறிய இயலாது. தெளிந்த நீரிலும் கிருமி இருக்கலாம். மணல் கலங்கிய நீர் கிருமியின்றியும் இருக்கலாம். தெற்கேயுள்ள கோவளம் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அச்சான்றுக்கு நீர்ப் பரிசோதனையும் உயிர்காப்பாளர்களும் கட்டாயம்.

கொட்டிவாக்கத்துக்கு வடக்கே, சில கிலோமீட்டர் தொலைவில், கழிவுநீர் சுமந்த அடையாறு கடலில் கலக்கிறது. அந்நீர் எப்பக்கம் செல்லும் என்பது பருவத்தைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் பெரும்பாலும் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். கோடையில் மணல் அடைத்துக்கொள்ளும் அடையாற்று முகத்துவாரம் வெள்ளத்தில் அகலத் திறப்பதும் அந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான். ஆகவே கழிவுநீர் கொட்டிவாக்கம் பக்கம் வர வாய்ப்பு மிகுந்த காலம் அதுவே. பெருமழைக்குப் பின் சில நாள்களாவது கடலில் இறங்காதிருப்பது நல்லது. உடலில் காயம் உள்ளவர்களும் சிறுவர்களும் கண்டிப்பாகத் தவிர்க்கவேண்டும்.

கிருமியால் வரும் நோய்க்கு மருந்துண்டு. இழுவை நீரோட்டமோ சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். கரைக்கு வந்த அலைநீர் ஒரு குறுகிய வழியில் திரண்டு கடலுக்குத் திரும்புவதால் இது உண்டாகிறது. அவ்விடத்தில் அலைகள் அதிகம் உடைவதில்லை. அமைதியாகத் தெரியும் அந்த இடத்தையே கடல் பழகாதவர்கள் தேர்ந்தெடுத்து இறங்குகின்றனர். இந்நீரோட்டம் ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை; கடலுக்குள் இழுத்துச் செல்லும். அதை எதிர்த்துக் கரை நோக்கி நீந்துபவர் களைத்து மூழ்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு தளர்ந்தபின் கரை திரும்பவேண்டும். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்டவேண்டும்.

காப்பாற்றப் பாய்பவரும் மூழ்குவதுண்டு. பெசன்ட் நகர் கடற்கரையிலுள்ள ஷ்மிட் நினைவுச்சின்னம், பிறரைக் காக்க முயன்று 1930 டிசம்பர் 30 அன்று உயிரிழந்த டென்மார்க் நாட்டவருக்காக எழுப்பப்பட்டது. அதன் நிழலில் அமர்வோரில் பலர் இதை அறியார். கயிறோ, மூடிய காலி பிளாஸ்டிக் கேனோ வீசிவிட்டு, குப்பத்து மீனவர்களை உடனே அழைப்பதே முறை.