சேவியர், சவேரியார், சவரிமுத்து: மூணும் ஒரே பேர்தான்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் சவரிமுத்து, சவரியம்மாள், சேவியர் என்ற பேர்களைக் கேட்டிருப்பீங்க. முதல் ரெண்டும் தமிழ்ப் பேர், கடைசி இங்கிலீஷ் பேர் என்று பலர் நினைக்கிறாங்க. மூணுக்கும் மூலம் ஒண்ணுதான். அது இங்கிலீஷும் இல்லை. ஸ்பெயினில் இருந்து வந்தது. அங்கேயும் அது முதலில் ஆள் பேராக இல்லை, ஊர்ப் பேராகத்தான் இருந்தது.

ஸ்பெயினின் வடக்கே நவார்ரா பகுதியில் ஹாவியர் என்று ஒரு கோட்டை இருக்கு. பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதுசு. 'எச்சேபெர்ரி', அதாவது புதுவீடு. அதுதான் தேய்ந்து இந்தப் பேர் ஆச்சு. நம்ம பக்கத்துப் புதுச்சேரி மாதிரி என்று வச்சுக்கலாம்.

1506-இல் அந்தக் கோட்டையில் பிறந்தவர் பிரான்சிஸ். அவருடைய அப்பாவின் குடும்பப் பேர் ஹாஸோ. கோட்டை அம்மா வழியில் வந்த சொத்து. நம்ம வழக்கப்படி சொன்னால், அப்பா பேரை விட்டுட்டு அம்மா ஊரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டவர். 1542-இல் கோவாவுக்கு வந்தார். அதே வருஷம் தூத்துக்குடிப் பக்க முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1545-இல் மயிலாப்பூரில் சில மாதம் தங்கினார். 1552 டிசம்பர் 3-இல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். 1622-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஊர்ப் பேர் உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வைக்கிற பேராகப் பரவியது.

இனி உச்சரிப்புக்கு வருவோம். பழைய ஸ்பானிஷில் எக்ஸ் எழுத்துக்கு 'ஷ' ஒலி. பிறகு அந்த ஒலி தொண்டைக்குள் போய் 'ஹ' மாதிரி ஆனது. 1815-இல் ஸ்பானிய அகாதமி அந்த எக்ஸை ஜே என்று மாற்றி எழுதச் சொன்னது. அதனால் இப்போ அங்கே 'ஹாவியர்'. மெக்சிகோவை அவங்க 'மெஹிகோ' என்று சொல்வதும் இதே கதைதான். போர்ச்சுகீசியர் இன்னைக்கும் 'ஷ' என்றே சொல்றாங்க.

தமிழ் 'சவேரி'யைப் பாருங்க. லத்தீன் வடிவம் 'ஸவேரியுஸ்'. அந்தோனியுஸ் என்பது அந்தோனியார் ஆன மாதிரி, கடைசி 'உஸ்' போய் மரியாதைக்கு 'ஆர்' வந்து சவேரியார் ஆச்சு. பேச்சில் அது சவரி. அதோடு முத்து, அம்மாள், நாதன், ராயன் எல்லாம் சேர்ந்தன. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் சவேரிநாத பிள்ளை ஞாபகம் வருவார். இதைக் கொச்சை என்று சொல்றது தப்பு. 'ஷ'வுக்குப் பக்கத்தில் நிற்பது, இன்றைய ஸ்பானிஷ் 'ஹ'வை விட நம்ம 'ச'தான்.

இங்கிலீஷில் எழுத்து எக்ஸ்தான். ஆனால் சைலோபோன் மாதிரி, சொல்லின் முதலில் வரும் எக்ஸுக்கு அங்கே 'இசட்' ஒலி. அதனால் 'ஸேவியர்'. எக்ஸைப் பார்த்துப் படித்து 'எக்ஸேவியர்' என்று சொல்றவங்களும் உண்டு. 1963-இல் வந்த எக்ஸ்-மென் காமிக்ஸின் பேராசிரியர் சார்லஸ் சேவியரைப் பலர் அப்படித்தான் கூப்பிடுறாங்க. அவருக்கு அது குடும்பப் பேர். கத்தோலிக்கர்கள் 'பிரான்சிஸ் சேவியர்' என்று ரெண்டையும் சேர்த்தே பிள்ளைக்கு வைப்பதும் உண்டு.

நம்ம ஊரில் ரெண்டு வழியும் ஒண்ணாவே இருக்கு. பாளையங்கோட்டையில் 1923-இல் தொடங்கிய கல்லூரி தமிழில் தூய சவேரியார் கல்லூரி, இங்கிலீஷில் செயின்ட் சேவியர்ஸ். கல்லூரிக்கு இதனால் கஷ்டம் இல்லை. தனி மனுஷனுக்குத்தான் கஷ்டம்.

நிலப் பத்திரத்தில் அப்பா பேர் சவரிமுத்து, ஞானஸ்நானச் சான்றில் சேவியர், ரேஷன் கார்டில் யாரோ காதில் விழுந்தபடி சபரிமுத்து. சபரி ராமாயணத்துப் பேர், இதோடு சம்பந்தமே இல்லை. மகனுக்கு இனிஷியல் எஸ்ஸா, எக்ஸா? வாரிசுச் சான்று கேட்டுப் போனால், மூணு ஆள் இருக்காங்களே என்று கேள்வி வரும். அதிகாரியைக் குத்தம் சொல்ல முடியாது, காகிதத்தில் மூணு பேர்தானே இருக்கு.

அதனால் வீட்டில் இந்தப் பேர் இருந்தால், பெரியவங்க இருக்கும்போதே எல்லாக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. சவரியோ சேவியரோ, ஏதாவது ஒண்ணை எல்லாத்திலும் ஒரே மாதிரி திருத்திடுங்க. எது வேணும்னாலும் வச்சுக்கலாம், ரெண்டுக்கும் அர்த்தம் புதுவீடுதான். ஆனா இருக்கிற வீடு யார் பேரில் என்று நாளைக்கு நிரூபிக்க ஒரே எழுத்து வேணும்.