சண்டை ரோபோ செய்யப் போறீங்களா? கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு!

"அப்பா, ஸ்கூல்ல ரோபோ சண்டைப் போட்டியாம். மோட்டார், பேட்டரி எல்லாம் வாங்கணும். காசு வேணும்!"

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இப்படி வந்து நின்றால், "படிக்கிற வயசுல சண்டை எதுக்கு?" என்பதுதான் பல வீடுகளில் முதல் பதிலாக இருக்கும். ஆனால், இந்தச் சண்டைக்குள் இயற்பியலும் கணக்கும் நிறைய இருக்கின்றன. தப்பான பொருளை வாங்கினால் வீணாகும் பணமும் இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருமாகறலீசுவரர் கோயிலால் பலரும் அறிந்த ஊர். இங்கிருந்து எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வந்தால் ஒரு நாள் போய்விடும். மோட்டாரைப் புகைய விட்டுவிட்டுத் திருப்பித் தரவும் முடியாது. அதனால் கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

எங்கிருந்து வந்தது இந்தச் சண்டை?

1994-ல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் மார்க் தோர்ப் என்பவர் 'ரோபோ வார்ஸ்' போட்டியை நடத்தினார். 1998-ல் அது பிரிட்டனில் பி.பி.சி தொலைக்காட்சித் தொடராகி, வீடு வீடாகப் பிரபலமானது. நம் நாட்டில் ஐ.ஐ.டி பாம்பேயின் டெக்ஃபெஸ்ட், ஐ.ஐ.டி மெட்ராஸின் சாஸ்த்ரா போன்ற விழாக்களில் ரோபோ சண்டை என்றாலே கூட்டம் அள்ளும். அங்கே மோதுபவற்றில் ஓர் ஆளின் எடைக்கு நிகரான இரும்பு ரோபோக்களும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். அவர்களுக்கென்றே குட்டி வகைகள் இருக்கின்றன. 150 கிராம் ஒரு வகை, 454 கிராம் இன்னொரு வகை. கையில் அடங்கும் ரோபோதான். பாடம் மட்டும் பெரியது.

முதலில் எது வேண்டாம்?

மாகறலுக்குப் பக்கத்து உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தியது. குடத்தில் ஓலை போடும் முன்பே, யார் தகுதியானவர், யார் தகுதியில்லாதவர் என்று அதில் தெளிவாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ரோபோவுக்குப் பாகம் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். 'எது நல்ல மோட்டார்?' என்று கேட்கும் முன், 'எது நமக்கு ஆகாது?' என்று எழுதிவிடுங்கள்.

அதில் முதல் விதி, எடை. போட்டி 454 கிராம் என்றால், 455 கிராம் ரோபோ உள்ளே போக முடியாது. எனவே, ஒவ்வொரு பாகத்தின் எடையையும் நோட்டில் எழுதிக் கூட்டுங்கள். ஸ்க்ரூ, ஒயர், டேப் எல்லாம் சேர்த்துத்தான்! வீட்டில் சின்ன எலெக்ட்ரானிக் தராசு இல்லையென்றால், மளிகைக் கடை அண்ணனிடம் கேட்டால் நிறுத்துக் கொடுப்பார். கடைசியில் சேரும் ஒயருக்கும் ஒட்டுக்கும் 30 கிராமாவது ஒதுக்கி வையுங்கள்.

மோட்டார்: மஞ்சளா, வெள்ளியா?

பள்ளி ப்ராஜெக்ட் என்றதும் கடையில் எடுத்துக் கொடுப்பது மஞ்சள் நிற 'பி.ஓ' மோட்டாரைத்தான். விலை குறைவு. ஆனால், பெரும்பாலும் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம். கோடு பார்த்து ஓடும் ரோபோவுக்கு அது போதும். மோதலில் பல் உடைந்துவிடும்.

'என்20' என்ற குட்டி மோட்டாரில் உலோகப் பல்சக்கரம் இருக்கும். எடையும் சுமார் 10 கிராம்தான். ஒரே அளவில் பல வேகங்களில் கிடைக்கும். எந்த வேகம் வேண்டும் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். நிமிடத்துக்கு 500 சுற்று, 4 செ.மீ விட்டமுள்ள சக்கரம் என்றால், ஒரு சுற்றுக்குச் சுமார் 12.6 செ.மீ நகரும். அதாவது, நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். சின்னக் களத்துக்கு இது போதுமான வேகம். அதிக வேக மோட்டாரை வாங்கினால் தள்ளும் பலம் குறையும். எதிராளியைத் தள்ளிக் கவிழ்ப்பதுதான் திட்டமென்றால் பலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்!

சதுரமாக இருக்கும் 9 வோல்ட் பேட்டரியைப் பார்த்ததும், 'வோல்ட் அதிகம், நல்லா ஓடும்' என்று தோன்றும். ஆனால், மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. ரோபோ நாலு அடி போய் முனகி நின்றுவிடும். வோல்ட்டைப் போலவே ஆம்பியரும் முக்கியம்.

போட்டிகளில் பெரும்பாலும் பயன்படுத்துவது லித்தியம் பாலிமர் பேட்டரி. '300 எம்.ஏ.ஹெச், 30 சி' என்று எழுதியிருந்தால் 0.3 ஆம்பியரை 30-ஆல் பெருக்குங்கள். அந்த பேட்டரி 9 ஆம்பியர் வரை தர முடியும் என்று அர்த்தம். ரோபோ சராசரியாக 3 ஆம்பியர் எடுத்தால் 6 நிமிடம் ஓடும். ஒரு சுற்று 3 நிமிடம் என்றால் தாராளமாகப் போதும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். இந்த பேட்டரி குத்துப்பட்டாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஆனாலோ தீப்பிடிக்கும். அதற்கென உள்ள சார்ஜரில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே சார்ஜ் போட வேண்டும். இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. உப்பிப்போன பேட்டரியை உடனே ஒதுக்கிவிட வேண்டும். முதல்முறை செய்யும் பிள்ளைகளுக்கு ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் போதும். கொஞ்சம் எடை கூடும், பயம் குறையும்.

நடுவில் இருக்கும் டிரைவர் போர்டு

மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவே இருப்பது டிரைவர் போர்டு. பாடப் பயிற்சிகளில் அதிகம் வருவது 'எல்298என்'. அதிலேயே சுமார் 2 வோல்ட் வெப்பமாக வீணாகிவிடும். 7.4 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 5.4 வோல்ட்தான். அதன் வெப்பத் தகடும் எடையைக் கூட்டும். 'டிஆர்வி8833', 'டிபி6612' போன்ற சின்ன போர்டுகளில் இழப்பு மிகக் குறைவு.

எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மோட்டார் அடைபட்டு நின்னா எவ்வளவு ஆம்பியர் இழுக்கும்? இந்த போர்டு அதைத் தாங்குமா?" சண்டையில் சக்கரம் அடைபடுவது சகஜம். அப்போது மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். போர்டு புகைவது அந்த நொடியில்தான்.

உடம்புக்கு எவர்சில்வர் வேண்டாம்!

பழைய எவர்சில்வர் தட்டை வெட்டிக் கவசமாக்கலாமே என்று தோன்றும். அதே பருமனுள்ள பாலிஎதிலின் பிளாஸ்டிக்கைவிட அது எட்டு மடங்கு கனம். கண்ணாடி போன்ற அக்ரிலிக் அடிபட்டால் சில்லாக உடையும். பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும். காய்கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகை நல்ல தேர்வு. ரம்பத்தால் அறுக்கலாம், துளையிடலாம், அடியையும் தாங்கும்.

சுழலும் ஆயுதம் வைக்கலாமா? முதல் ரோபோவில் வேண்டாம். சுழலும் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். அதிலிருந்து தெறிக்கும் ஸ்க்ரூ கண்ணில் படலாம். சுற்றிலும் பாலிகார்பனேட் தடுப்புள்ள களமும், கண்ணாடி அணிந்த பெரியவரும் இல்லாத பள்ளியில் அதை ஓட்டவே கூடாது. சாய்ந்த பலகையால் எதிராளியைத் தூக்கித் தள்ளும் ரோபோவும் ஜெயிக்கும். ரிமோட் சிக்னல் அறுந்தால் தானே நிற்க வேண்டும்; வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்சும் வேண்டும். இந்த இரண்டும் எல்லா ரோபோவுக்கும் கட்டாயம்.

வாங்கும் முன் பள்ளியில் கேளுங்கள்

மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி கிடைக்கும். 6 முதல் 12-ம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கானது. தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கு, 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. உங்கள் பள்ளியிலோ, பக்கத்துப் பள்ளியிலோ ஆய்வகம் இருந்தால் முதலில் அங்குள்ள அலமாரியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாரோ, போர்டோ அங்கேயே கிடைக்கலாம். மிச்சமாகும் பணத்தில் கூடுதலாக ஒரு மோட்டார் வாங்கி வையுங்கள். சண்டையில் எதாவது உடையத்தான் செய்யும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு தினமும் கம்பெனி பஸ் ஏறிப் போகும் அப்பாவோ, அக்காவோ பல வீடுகளில் உண்டு. மோட்டார், பல்சக்கரம், போர்டு என்று பிள்ளை பேசும்போது அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நட்டு எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை வீடியோவைவிட அவர்கள் நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

தோற்றுவிட்டு வந்தால் திட்டாதீர்கள். ரோபோவைப் பிரித்து, எது முதலில் உடைந்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்தமுறை ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது அந்த நோட்டுதான் கையில் இருக்க வேண்டும்!