இறங்கவும் ஒரு படி வேண்டும்

வெளிக்கோடு – 17

போன வாரம் வியாசர்பாடியில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து பேசின் பிரிட்ஜுக்கு வந்து ரயில் மாறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் கும்மிடிப்பூண்டி. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போகும். கவரைப்பேட்டை தாண்டும்போது பெட்டியில் ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும்தான் கேட்கும். சிப்காட்டின் உருக்காலைகளும் ரோலிங் மில்களும் இன்று அந்தக் கைகளை நம்பித்தான் ஓடுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை. பெஞ்சில் பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக ஒரு ஜெர்சி உட்கார்ந்திருந்தது. அதற்குள் இருந்தவருக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். முன்கையில் தீப்பொறி பட்ட தழும்புகள், புள்ளி புள்ளியாக. "இந்தா ஹிந்தி, டீ" என்று கடைக்காரர் கிளாஸை நீட்ட, "ஹிந்தி இல்லண்ணா, பெங்காலி" என்றார் சிரித்துக்கொண்டே. தினமும் நடக்கும் வழக்கு போலிருக்கிறது.

ஜெர்சியைப் பார்த்து "ஈஸ்ட் பெங்காலா தம்பி?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. நான் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன்.

"நந்தா ஊர்!"

சினிமா நடிகர் யாரையோ சொல்கிறார் என்று ஒரு நொடி விழித்தேன். அதற்குள் அவர் இரண்டு டீ கிளாஸ்களைப் பெஞ்சில் தள்ளித் தள்ளி வைத்துவிட்டார். அது கோல். நடுவில் ஒரு பன், தடுப்பாட்டக்காரர். பட்டர் பிஸ்கட்தான் நந்தா. பிஸ்கட் வலது ஓரமாக வந்தது, பன்னுக்கு முன்னால் நின்றது, உள்ளே வெட்டியது. இடது காலால் ஒரு சுழற்று. இரண்டாவது கிளாஸின் உள்விளிம்பில் விரலால் தட்டிக் காட்டினார். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை, கொல்கத்தாவின் இன்னொரு பெரிய கிளப்பான மோகன் பகானுக்கு எதிராக நந்தகுமார் சேகர் போட்ட கோல். அதற்கு முன் எட்டு டெர்பிகளில் தொடர்ந்து தோற்றிருந்தது ஈஸ்ட் பெங்கால். நான்கரை வருடப் பசியை ஒரு சென்னைப் பையனின் இடது கால் தீர்த்துவைத்தது. அவருடைய அப்பாவுக்கு இன்னொரு தமிழ்ப் பெயரும் மனப்பாடமாம்: ராமன் விஜயன். தொண்ணூறுகளில் அதே சிவப்பு மஞ்சளில் கோல் போட்டவர். நம்மூரில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு பெயரும் தெரியும் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் அவரிடம் கேட்க வந்தது வேறு. 2021-22 இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஈஸ்ட் பெங்கால் கடைசி இடம். 20 ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. அன்றைக்கு என்ன செய்தீர்கள்?

"என்ன செய்றது? அடுத்த வருஷமும் அதே லீக்தான். கடைசி வந்தா பனிஷ்மென்ட் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "அதான் ஜாஸ்தி அசிங்கம்" என்றார்.

இந்த வாரம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தோடுதான் அலைந்தேன்.

கால்பந்தில் ரெலிகேஷன் என்று ஒன்று உண்டு. நம் பத்திரிகைகள் தரமிறக்கம் என்று எழுதுகின்றன. வட சென்னை மைதானங்களில் 'டிவிஷன் இறங்கிட்டான்' என்று சொல்வார்கள். பருவ முடிவில் கடைசி இடங்களில் இருப்பவர்கள் கீழ் டிவிஷனுக்குப் போக வேண்டும், கீழே முதலில் வந்தவர்கள் மேலே வர வேண்டும். இங்கிலாந்தில் 1898-லிருந்து இது தானாக நடக்கிறது. பணக்காரன், பழம்பெருமைக்காரன் என்ற பாரபட்சம் கிடையாது. புவெனஸ் அயர்ஸின் ரிவர் பிளேட் நூறு வருடத்துக்கு மேல் இறங்காத அணி. 2011 ஜூன் 26 அன்று அதற்கும் நாள் குறிக்கப்பட்டது. ஆட்டம் முடியும் முன்பே நாற்காலிகள் பறந்தன.

எனக்குப் பிடித்தது ஹாம்பர்க் கதை. அந்த ஜெர்மன் கிளப்பின் மைதானத்தில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. மணி காட்டும் கடிகாரமல்ல. முதல் டிவிஷனான புண்டெஸ்லிகாவில் தாங்கள் இருந்துவந்த காலத்தை வருடம், நாள், மணி, நிமிடம், நொடி என்று விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். 1963-ல் லீக் தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட இறங்காத ஒரே அணி என்ற திமிர் அது. 2018 மே 12 அன்று கடைசி ஆட்டத்தில் ஹாம்பர்க் ஜெயித்தது. ஆனால் வேறோர் ஊரில் வுல்ஃப்ஸ்பர்க்கும் ஜெயித்துவிட்டதால் கதை முடிந்தது. கடைசி நிமிடத்தில் ஒரு மூலையிலிருந்து தீவட்டிகளும் கரும்புகையும் வந்து விழுந்தன. போலீஸ் குதிரைகள் புல்லில் இறங்கின. அப்போது மைதானத்தின் மற்ற பக்கங்கள் எழுந்து அந்த மூலையைப் பார்த்துக் கத்தின: நாங்கள்தான் ஹாம்பர்க்காரர்கள், நீங்கள் அல்ல என்று. கடிகாரம் 54 வருடம் 261 நாளில் நின்றது. பிறகு ஏழு வருடம் இரண்டாவது டிவிஷனில் கிடந்து, 2025-ல் ஹாம்பர்க் ஏறி வந்தது.

தோற்ற அணியின் ரசிகனுக்கு அங்கே எல்லாம் கையில் இருக்கிறது பாருங்கள். எந்த நாள், எந்த ஆட்டம், எந்த நிமிடம். திட்டுவதற்கு ஒரு பயிற்சியாளர், அழுவதற்கு ஒரு படிக்கட்டு, அடுத்த ஆகஸ்டில் போய் நிற்பதற்கு ஒரு சின்ன ஊர் மைதானம்.

இனி நம் கதை.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. ஒரு வேலையாகக் கும்மிடிப்பூண்டி வந்துவிட்டு இதே ரயிலில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கையில் கைபேசி, அதில் கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆவதற்கு மினர்வா பஞ்சாபை ஜெயிக்க வேண்டும். பெயர் சென்னை, ஆடுவது கோவையில். அதெல்லாம் நம் ஊர் வழக்கம், விடுங்கள். மூன்றாவது நிமிடத்திலேயே பஞ்சாப் ஒரு கோல். இடைவேளை வரை அப்படியே. கவரைப்பேட்டை தாண்டியதும் பெனால்டி, பெத்ரோ மான்சி சமன் செய்தார். அனுப்பம்பட்டு பக்கம் சிக்னல் போனது. மீஞ்சூரில் வந்தபோது 2-1 என்று இருந்தது. போட்டவர் கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர். எண்ணூர் தாண்டி, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது கூடுதல் நேரத்தில் அதே போரா இன்னொன்று. 3-1. 20 ஆட்டத்தில் 43 புள்ளி. இரண்டாவது இடம் ஒரே ஒரு புள்ளியில் பின்னால். பெட்டியில் நான் மட்டும் எழுந்து நின்று கத்தினேன். எதிர் சீட்டு அம்மா மீன் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

தேசிய லீக்கான ஐ-லீக்கைத் தமிழ்நாட்டு அணி ஒன்று ஜெயித்தது அதுதான் முதல்முறை. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். மான்சிக்கு அந்தப் பருவத்தில் 21 கோல். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கோடு கைகோத்தது. மறு வருடம் ஆசிய அளவில் ஆடப் போனது. ஏறுமுகம்தான்.

பிறகு கொரோனா. 2020-21 ஐ-லீக் முழுவதையும் கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் ஆளில்லாத மைதானங்களில் நடத்தி முடித்தார்கள். சென்னை சிட்டி கீழ்ப்பாதிக் குழுவுக்குத் தள்ளப்பட்டது. அது ஒன்றும் குற்றமில்லை, எந்த அணிக்கும் வரும் சறுக்கல்தான். ஆனால் 2021-22 பருவத்துக்கான பதின்மூன்று அணிகளின் பட்டியல் வந்தபோது அதில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருடம்கூட முடியவில்லை.

எந்த ஆட்டத்தில் தோற்றார்கள்? எந்த ஆட்டத்திலும் இல்லை. இறங்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. இறங்குவதற்கு ஒரு படி வேண்டுமே. அதன் கடைசி ஐ-லீக் ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்த ரசிகர் ஒருவர்கூட இல்லை. நாற்காலி எறிய மைதானம் இல்லை, நிறுத்த கடிகாரம் இல்லை. நான் அந்தப் பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு, வேறு செய்திக்குப் போனேன். அவ்வளவுதான் என் துக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னை சிட்டி ஐ-லீக்குக்குள் வந்ததும் ஆட்டத்தால் அல்ல. 2016-ல் கோவாவின் பழைய கிளப்புகள் கோபித்துக்கொண்டு வெளியேறின. அதற்கு முந்தைய பருவத்தில்தான் மிசோரமின் ஐஸ்வால் எஃப்.சி. இறங்கியிருந்தது. காலி இடத்தை நிரப்ப ஐஸ்வாலைத் திரும்பக் கூப்பிட்டார்கள்; சென்னை சிட்டியையும் மினர்வாவையும் நேரடியாகச் சேர்த்துக்கொண்டார்கள். இறங்கிய வலி ஐஸ்வாலுக்கு உடம்பில் இருந்தது போலும். 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் 1-1 என்று சமன் செய்து சாம்பியன் ஆனது. அதன் பயிற்சியாளர் காலித் ஜமீலின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது அன்றுதான். இறங்கிய அணி அடுத்த வருடமே மகுடம் சூடியது. கதவைத் திறந்து உள்ளே விட்ட அணி, பிறகு கதவை மூடியதும் காணாமல் போனது.

உண்மையிலேயே ஆடி இறங்கியவர்களும் இருக்கிறார்கள். 2024-ல் இம்பாலின் நெரோகா, ட்ராவ் இரண்டும் சேர்ந்தே ஐ-லீக்கிலிருந்து இறங்கின. மணிப்பூர் எரிந்துகொண்டிருந்ததால் சொந்த மைதானத்து ஆட்டங்களை வெளி மாநிலங்களில் ஆட வேண்டியிருந்தது. அதைத் தோல்வி என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

மேலே ஐ.எஸ்.எல்.லில் நிலைமை இன்னும் விசித்திரம். 2023-ல் பஞ்சாபும் 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ-லீக்கை ஜெயித்து ஏறி வந்தன. ஆனால் 2024-25 பருவம் முடிய, தோற்று அங்கிருந்து இறங்கிய அணி ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பருவத்தில் முகமதன்தான் கடைசி. அதே வருடம் ஐ-லீக்கில் கோப்பையைக் கையில் வாங்கியது சர்ச்சில் பிரதர்ஸ். ஜூலை 18 அன்று சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்புச் சொன்னது. நம் கால்பந்து ரசிகன் புள்ளிப் பட்டியலோடு கொஞ்சம் சட்டமும் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

கும்மிடிப்பூண்டிக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் ஆலை நஷ்டத்தில் ஓடுவது தெரியும், ஷிப்டைக் குறைப்பது தெரியும், ஓவர்டைம் நிற்பது தெரியும். அதெல்லாம் இறக்கம், திட்டிக்கொண்டே தாக்குப்பிடிப்பார்கள். ஒருநாள் காலையில் போனால் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அது வேறு. எனக்குத் தெரிந்த ஒரு ஆலையில் பொங்கல் போட்டிக்கென்று தொழிலாளர்கள் ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார்கள். முதுகில் கம்பெனி பெயர் போட்ட நீல ஜெர்சி. ஆலை மூடி வருடங்களாகிவிட்டன. அந்த அணியின் கோல்கீப்பர் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் வண்டி துடைப்பது அந்த ஜெர்சியால்தான். கம்பெனி பெயரில் முதல் இரண்டு எழுத்து மட்டும் பாக்கி. "கடைசி மேட்ச்ல யார்கூட ஆடுனோம்னு ஞாபகம் இல்ல சார். அதான் கடைசின்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

டீக்கடைத் தம்பியின் ஆட்கள் அப்படிச் சும்மா விடவில்லை. 2021 ஜூலையில் கிளப் நிர்வாகம் முதலீட்டாளரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தது. அந்தப் பருவத்தில் ஈஸ்ட் பெங்கால் லீக்கிலேயே இருக்காதோ என்ற நிலை. ஜூலை 21 அன்று கொல்கத்தா மைதானத்தில் கிளப் கூடாரத்துக்கு வெளியே ரசிகர்கள் திரண்டார்கள், போலீஸ் தடியடி நடத்தியது. கடைசியில் மாநில முதல்வரே தலையிட்டு அணியை ஆட வைத்தார். ஆடித்தான் கடைசி இடம் வந்தார்கள், ஒரே ஒரு வெற்றியோடு. அதே வருடம்தான் சென்னை சிட்டியும் போனது. நம் ஊரில் ஒரு டீ கிளாஸ்கூட உடையவில்லை. எழுபது வருடப் பேர் சொல்லும் கிளப் என்றாலும், ஊர் தன்னுடையது என்று நினைக்கும் அளவுக்கு அது ஒரே இடத்தில் தங்கவும் இல்லை. ரசிகர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை, மேலே சொன்னேனே.

இருட்டத் தொடங்கிவிட்டது. நைட் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று தம்பி எழுந்தார். போகும் முன் கேட்டார்: "உங்க டீம் எதுண்ணா?"

சென்னை சிட்டி என்றேன். சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

அவர் அப்படியே நின்றுவிட்டார். "மார்ச் ஒன்பது. கௌரவ் போரா, ரெண்டு கோல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அன்னைக்கு நாங்க கோழிக்கோட்டுல ஜெயிச்சோம்ணா. கோகுலம்கூட, 2-1. நீங்க தோத்தா நாங்க சாம்பியன். ஒரு பாயிண்ட். ஊர்ல டிவி முன்னாடி எல்லாரும் உக்காந்திருக்கோம். போரா ரெண்டாவது போட்டதும் தாத்தா எழுந்து போயிட்டாரு. ராத்திரி சாப்பிடல." பையை மாட்டிக்கொண்டே, "அந்த டீம் இப்ப எங்க ஆடுது?" என்றார்.

இப்போது இல்லை என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்ப அந்தக் கப்ப எங்களுக்கே குடுத்திருக்கலாம்ல?"

கடைக்காரர் கிளாஸ்களை எடுத்துக் கழுவப் போட்டார். பெஞ்சில் பிஸ்கட் மட்டும் கோலுக்கு முன்னால் கிடந்தது.

(தொடரும்)